யாருடைய சொல்லில் துயரம்? மனநலச் சிகிச்சையின் பண்பாட்டுத் தகவமைப்பு: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இன்று உலகெங்கும் கையாளப்படும் உளச்சிகிச்சை முறைகளுள் பெரும்பாலானவை மேலை நாடுகளின் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உருப்பெற்றவை. மனநல மருத்துவம் எட்டாத மக்களிடம் அவற்றைக் கொண்டுசெல்லும்போது அம்மக்களின் மொழி, நம்பிக்கை, வாழ்நிலை ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் பணி ‘பண்பாட்டுத் தகவமைப்பு’ எனப்படுகிறது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகர், பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டம், வட இலங்கை ஆகிய மூன்று இடங்களில் நிகழ்ந்த முயற்சிகளை இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. துயருறுவோரின் சொல் சிகிச்சையின் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுகிறதா, அதன் நோக்கத்தையும் மாற்றுகிறதா என்னும் வினாவே இம்மதிப்பீட்டின் அளவுகோல். அவ்வினாவைத் தமிழில் வழங்கும் மனநலச் சொற்களின்மீதும் எழுப்பி, இத்துறையில் தமிழாய்வு ஏற்க வேண்டிய பொறுப்பையும் கட்டுரை சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: பண்பாட்டுத் தகவமைப்பு, மனநலம், நட்பு இருக்கை, மனவடு, கலைச்சொல், வழக்குச்சொல், மெய்ப்பாடு.

1. முன்னுரை

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உடையோருள் சிகிச்சை பெறாதோரின் விகிதம் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. இவ்விடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை, தொலைவு, செலவு, சமூகம் சுமத்தும் இழிவு முதலிய காரணங்கள் கூறப்படுகின்றன. இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய காரணம் ஒன்று உண்டு. மருத்துவர் அருகில் இருந்தாலும், கட்டணம் இல்லாவிட்டாலும், நோயாளி தம் துன்பத்தைச் சொல்லும் மொழியும் மருத்துவர் அதைக் கேட்கும் மொழியும் வேறுவேறாக இருப்பின் சிகிச்சை தொடங்குவதே இல்லை. ‘நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கிறது’ என்று சொல்லும் பெண் இதயத்துடிப்புப் பரிசோதனைக்கு அனுப்பப்படலாம். பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லையெனில் அவர் ‘ஒன்றுமில்லை’ என்னும் விடையுடன் வீடு திரும்புவார். அவருடைய சொல்லுக்கு அந்த மருத்துவமனையில் இடம் இல்லை.

இச்சிக்கலுக்கு விடையாகவே பண்பாட்டுத் தகவமைப்பு என்னும் கருத்து கடந்த முப்பது ஆண்டுகளாக வளர்ந்துள்ளது. ஆயினும் அப்பெயரால் நடைபெறும் பணிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. கையேட்டை மொழிபெயர்த்து, படங்களில் உள்ளோருக்குச் சேலை உடுத்தி, கதைமாந்தரின் பெயர்களை மாற்றுவதும் தகவமைப்பு எனப்படுகிறது. நோய் என்பது யாது, அதைத் தீர்ப்பவர் யார், தீர்ந்தமைக்கு அடையாளம் எது என்பவற்றையே மறுபடியும் கேட்டுச் சிகிச்சையைத் திருத்தியமைப்பதும் தகவமைப்பு எனப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தகவமைப்பு: மேற்பரப்பும் ஆழமும்

இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படும் சட்டகங்களுள் ஒன்று, அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழி மக்களை முன்னிறுத்திக் கில்லெர்மோ பெர்னாலும் உடனாய்வாளர்களும் 1995இல் வெளியிட்டது. மொழி, ஆட்கள், உருவகங்கள், உள்ளடக்கம், கருத்தாக்கங்கள், இலக்குகள், முறைகள், சூழல் என்னும் எட்டுக் கூறுகளிலும் சிகிச்சை, பெறுவோரின் பண்பாட்டோடு பொருந்த வேண்டும் என்பது அவர்களின் கருத்து. 1999இல் கென் ரெஸ்னிகோவும் பிறரும் இதை வேறொரு வகையில் கூறினர். மொழி, உணவு, இசை, உருவப்படம் முதலியவற்றில் செய்யப்படும் மாற்றம் மேற்பரப்பு மாற்றம். ஒரு மக்களின் வரலாறு, சமூக உறவுகள், நோய்க்குக் காரணமாக அவர்கள் கருதுவன ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும் மாற்றம் ஆழ்நிலை மாற்றம்.

இவ்விரு சட்டகங்களுக்கும் முன்னரே, 1977இல், மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளெய்ன்மன் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். ஒரு பண்பாட்டில் உருவான நோய் வகைமையை மற்றொரு பண்பாட்டின்மீது பொருத்தி, அங்கும் அதற்கு ஏற்ற ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டு, அவ்வகைமை எங்கும் உள்ளது என முடிவுகட்டுவது தவறு என்றார் அவர். இதனை அவர் வகைமைப் பிழை எனப் பெயரிட்டார்.

வினாநிரல்களை மொழிபெயர்க்கும் நடைமுறையில் இவ்வெச்சரிக்கை எளிதில் மறக்கப்படுகிறது. வழக்கமான முறை இது: ஆங்கில வினாநிரல் ஒருவரால் மொழிபெயர்க்கப்படும், மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்திற்குக் கொண்டுவருவார், இரண்டு ஆங்கில வடிவங்களும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு ஏற்கப்படும். இம்முறை மூலத்தின் பொருள் சிதையாமல் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொருள் பெறுமொழியில் வாழ்வோரின் அனுபவத்தில் உள்ளதா என்னும் வினாவை அது எழுப்புவதே இல்லை. ஆங்கிலம் கற்ற இரு மொழிபெயர்ப்பாளர்கள் தமக்குள் ஒத்துப்போவதற்கும், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் அவ்வினாவைப் புரிந்துகொள்வதற்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. எனவே எட்டுக் கூறுகளுள் முதலாவதாகிய மொழியே, சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டால், ஏனைய ஏழையும் தீர்மானிக்கிறது எனலாம். பின்வரும் மூன்று முயற்சிகள் இதனை வெவ்வேறு வகையில் காட்டுகின்றன.

3. ஹராரே: சொல்லிலிருந்து தொடங்கிய சிகிச்சை

ஜிம்பாப்வேயில் பெரும்பான்மையோர் பேசும் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்பது அன்றாடச் சொல். ‘மிகுதியாக எண்ணுதல்’ என்பது அதன் நேர்பொருள். வாட்டும் கவலை ஒன்றைத் திரும்பத் திரும்ப எண்ணுவதை அது குறிக்கும். அவ்வாறு எண்ணுவதால் விளையும் உடல்வலி, உறக்கமின்மை, மனத்துயர் ஆகியவற்றுக்குக் காரணமாகவும் அதுவே சுட்டப்படும். 1990களில் ஹராரேயில் பணியாற்றிய விக்ரம் படேலும் உடனாய்வாளர்களும், மக்கள் தாமே வழங்கும் இத்தகைய துயர்ச்சொற்களைத் திரட்டி, 14 வினாக்கள் கொண்ட ஷோனா அறிகுறி வினாநிரலை உருவாக்கினர். வேற்றுமொழி வினாநிரல் ஒன்றை ஷோனாவாக்காமல், ஷோனா பேச்சிலிருந்தே வினாக்களை அமைத்தமை இதன் சிறப்பு. பின்னர், அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில், பண்பாடு சார்ந்த துயர்க் கருத்தாக்கங்களின் பட்டியலிலும் குஃபுங்கிசிசா இடம்பெற்றது.

இச்சொல்லை அடித்தளமாகக் கொண்டு எழுந்ததே ‘நட்பு இருக்கை’ என்னும் திட்டம். அதைத் தொடங்கியவர் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா. தம் நோயாளியான இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதையும், மருத்துவமனைக்கு வருவதற்கான 15 டாலர் பேருந்துக் கட்டணம் அக்குடும்பத்திடம் இல்லாமற்போனதையும் அவர் பொதுமேடையில் விவரித்துள்ளார். நோயாளி மருத்துவரை நாடி வரட்டும் என்று காத்திருக்கும் அமைப்பின் தோல்வியாகவே அவர் அதைக் கண்டார். 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் பணி தொடங்கியது. முந்தைய ஆண்டில்தான் ஜிம்பாப்வே அரசு ‘முரம்பத்ஸ்வினா’ என்னும் நடவடிக்கையால் நகர்ப்புற ஏழைகளின் குடியிருப்புகளையும் சந்தைகளையும் இடித்திருந்தது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது.

சிபாண்டாவுக்குக் கிடைத்த பணியாளர்கள் 14 பேர். அனைவரும் அப்பகுதியில் ஏற்கெனவே சமூகச் சுகாதாரப் பணி செய்துவந்த முதிய பெண்கள். மக்கள் அவர்களைப் பாட்டி என்றே அழைத்தனர். மருத்துவர் முதலில் வைத்த பெயர் ‘மனநல இருக்கை’. அப்பெயர் கொண்ட இருக்கையில் எவரும் அமரமாட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்டியவர்கள் பாட்டிமார். கலந்து யோசனை சொல்லும் இருக்கை என்னும் பொருள்படும் ஷோனாப் பெயர் அதன்பின் வந்தது. சிகிச்சை, சிக்கல் தீர்வு முறையைச் சார்ந்தது. ஆயினும் அதன் படிநிலைகளுக்கு ‘மனத்தைத் திறத்தல்’, ‘தூக்கி நிறுத்துதல்’, ‘வலுவூட்டுதல்’ என்னும் பொருளுடைய ஷோனாச் சொற்களே பெயர்களாயின. இருக்கைகள் சுகாதார நிலைய வளாகத்தில் மரத்தடியில் இடப்பட்டன.

இதன் பயன் 2016இல் வெளியான ஆய்வொன்றில் அளக்கப்பட்டது. ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு, நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி அவ்வாய்வு நடத்தப்பட்டது. ஆறு மாதங்களுக்குப்பின் ஷோனா வினாநிரலில் நட்பு இருக்கைப் பிரிவினரின் சராசரி மதிப்பெண் 3.81, மேம்படுத்தப்பட்ட வழக்கமான சிகிச்சை பெற்றோரின் சராசரி 8.90. மதிப்பெண் குறைந்தால் துயர் குறைந்தது என்று பொருள்.

இங்குக் கருதத்தக்கது இது. குஃபுங்கிசிசா என்னும் சொல் அறிகுறியையும் காரணத்தையும் ஒருங்கே தன்னுள் கொண்டது. ‘மிகுதியாக எண்ணுகிறேன்’ என்று ஒருவர் கூறினால் ‘எதைப் பற்றி?’ என்பதே இயல்பான அடுத்த கேள்வி. வாடகை, கணவனின் வன்முறை, எச்.ஐ.வி. தொற்று, வேலையின்மை என விடைகள் வரும். ஆகவே சிகிச்சையும் அச்சிக்கல்களை நோக்கியே திரும்புகிறது. இருக்கையில் அமர்ந்து சென்றோர் பின்னர் குழுவாகக் கூடிப் பழைய நெகிழிப் பொருள்களிலிருந்து பைகளைப் பின்னி வருவாய் ஈட்டும் ஏற்பாடும் உருவானது. சொல் சிகிச்சையின் நோக்கத்தை மாற்றியமைக்கு இது சான்று.

அதே வேளையில் இம்முயற்சியின் எல்லையும் அச்சொல்லிலேயே உள்ளது. தனியொருவர் தீர்க்கத்தக்க சிக்கலை அடையாளம் காண்பது சிக்கல் தீர்வு முறையின் அடிப்படை. அரசு இடித்த வீடு அவ்வகையில் சேராது. பாட்டி அதைக் கேட்கலாம், ஆறுதல் கூறலாம், வேறொரு கூரைக்கு வழிகாட்டலாம். ஆனால் இடித்தவரிடம் கேள்வி கேட்கும் இடம் அந்த இருக்கையில் இல்லை. மேலும், மனநல மருத்துவர் மிகச் சிலரே உள்ள நாட்டில் அரசு செய்யத் தவறிய பணியை முதிய பெண்கள் தோளில் சுமக்கின்றனர். அவர்களுடைய அனுபவ அறிவு பாராட்டப்படும் அளவுக்கு அவர்களுடைய ஊதியமும் களைப்பும் விவாதிக்கப்பட வேண்டும். இவற்றைக் கூறுவது அத்திட்டத்தின் பெறுமானத்தைக் குறைப்பது ஆகாது. அதனைப் பின்பற்ற விரும்புவோர் முன்கூட்டியே எண்ண வேண்டியவற்றை நினைவூட்டுவதே ஆகும்.

4. ராவல்பிண்டி: சொல்லப்படாத சொல்

இரண்டாவது முயற்சி இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், மகப்பேற்றையொட்டி மனச்சோர்வுக்கு உள்ளான பெண்களுக்காக அதிஃப் ரஹ்மானும் உடனாய்வாளர்களும் ஒரு திட்டத்தை வகுத்தனர். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சை அதன் அடிப்படை. அதை வழங்கியவர்கள் ஊரிலேயே வாழ்ந்த பெண் சுகாதாரப் பணியாளர்கள். 2008இல் வெளியான ஆய்வின்படி 903 தாய்மார் இதில் பங்கேற்றனர். குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது சிகிச்சை பெற்றோருள் 23 விழுக்காட்டினரிடமும், ஒப்பீட்டுப் பிரிவில் 53 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வு காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் இதன் கையேட்டைப் பல நாடுகளுக்குமாக வெளியிட்டது.

இவ்வெற்றிக்கு அடிப்படையான தகவமைப்பு யாது? பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றபோது மனச்சோர்வு என்னும் சொல்லை முன்வைக்கவில்லை. தாயின் மனநோயைத் தீர்க்க வந்தோம் என்று கூறாமல், குழந்தை நன்றாக வளர உதவ வந்தோம் என்றே கூறினர். தாயின் மனம் என்பது வீட்டாரின் அக்கறைக்கு உரியதாகக் கருதப்படாத குடும்பங்களில், மருமகளின் நேரத்தை மாமியாரும் கணவரும் தீர்மானிக்கும் சூழலில், குழந்தையின் நலன் அனைவரும் ஏற்கும் காரணமாக அமைந்தது. கதவு திறந்தது.

இவ்வுத்தியின் நடைமுறை அறிவு மறுக்க முடியாதது. ஆயினும் திறனாய்வு நோக்கில் ஒரு வினா எழுகிறது. குழந்தைக்காக என்று சொல்லி நுழைந்த சிகிச்சையின் பயன் யாரைச் சேர்ந்தது? சிகிச்சை பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டன. ஆனால் அவ்வாய்வு முதன்மையாக அளக்க எண்ணிய குழந்தையின் எடையிலும் உயரத்திலும் இரு பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அக்குழந்தைகள் ஏழு வயதை எட்டியபோது நடத்தப்பட்டு 2015இல் வெளியான தொடர் ஆய்விலும் அவர்களின் அறிவு வளர்ச்சியிலோ உடல் வளர்ச்சியிலோ வேறுபாடு காணப்படவில்லை. மிகத் தெளிவாகப் பயன்பெற்றவர் தாயே.

அவ்வாறெனில் இத்திட்டம் குழந்தையை முன்னிறுத்தியதால் தோற்றது என்று கூறலாமா? கூடாது. ஒரு தாயின் துயர் குறைந்தமையே போதிய வெற்றி. ஆனால் அவ்வெற்றியை வெற்றி என்று சொல்ல வேறொருவரின் எடையும் உயரமும் தேவைப்பட்டன என்பதுதான் சிக்கல். வீட்டார் ஏற்கும் சொல்லைத் தேர்ந்தமையால் சிகிச்சை உள்ளே நுழைந்தது. அதே சொல், தாயின் துயருக்குத் தனியே மதிப்பில்லை என்னும் வீட்டாரின் எண்ணத்தையும் கேள்வியின்றி விட்டுவைத்தது. இங்குத் தகவமைப்பு துயருறுபவரின் சொல்லுக்கு ஏற்ப நிகழவில்லை. அவர்மீது அதிகாரம் உடையோரின் சொல்லுக்கு ஏற்ப நிகழ்ந்தது. ஒரு பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுதல் என்னும்போது, அப்பண்பாட்டுக்குள் யாருக்கு ஏற்ப என்னும் கேள்வி தவிர்க்க இயலாதது.

5. வட இலங்கை: சூழல் எழுப்பும் வினா

மூன்றாவது முயற்சி தமிழ்க் குழந்தைகளோடு தொடர்புடையது. வட இலங்கைப் பள்ளிகளில், போரால் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்காக வகுப்பறை சார்ந்த உளச்சமூகத் திட்டம் ஒன்று செயற்படுத்தப்பட்டது. உள்ளூரில் தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்டோர் 15 அமர்வுகளில் அதனை நடத்தினர். வீட்சே டோலும் உடனாய்வாளர்களும் 399 குழந்தைகளைக் கொண்டு அதனை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். முதன்மையாக எதிர்பார்த்த பயன்கள் மாணவர் அனைவரிடமும் பொதுவாகக் காணப்படவில்லை. ஆண் குழந்தைகளிடமும், அன்றாடப் போர்சார் நெருக்கீடு குறைந்திருந்தோரிடமும் மனவடுவின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. திட்டத்தில் பங்கேற்ற பெண் குழந்தைகளிடமோ, பங்கேற்கக் காத்திருந்த பெண் குழந்தைகளைக் காட்டிலும் அவ்வறிகுறிகள் குறைவாகவே தணிந்தன.

இம்முடிவுகளை மறைக்காமல் வெளியிட்டமை பாராட்டுக்குரியது. மொழி தமிழாக இருந்தது. நடத்தியவர்கள் அம்மண்ணைச் சேர்ந்தவர்கள். மேற்பரப்புத் தகவமைப்பு இருந்தது எனலாம். எனினும் நெருக்கீடு தொடரும் இடத்தில், நெருக்கீட்டின் விளைவை மட்டும் சீர்செய்யும் சிகிச்சைக்கு எல்லை உண்டு என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. நெருக்கீடு குறைந்திருந்தோரே கூடுதலாகப் பயன்பெற்றனர் எனில், மிகுந்த துன்பத்தில் இருந்தோருக்கே சிகிச்சை மிகக் குறைவாக எட்டியது என்பது அதன் மறுபக்கம்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் இவ்விடத்தில் துணைபுரிகின்றன. ஈழத்தமிழர்மீது போர் விளைத்த உளத்தாக்கத்தைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. 2007இல் எழுதிய ஆய்வுரையில், தனிமனிதரின் மனவடு என்னும் எல்லையைக் கடந்து, குடும்பமும் ஊரும் சேர்ந்து அடைந்த கூட்டு மனவடுவைப் பற்றி அவர் விவாதித்தார். ஊரின்மீதும் உறவின்மீதும் இருந்த நம்பிக்கை சிதைதல் எந்தத் தனிமனிதரின் அறிகுறிப் பட்டியலிலும் இடம்பெறாது. அதனைக் காணாத சிகிச்சை, ஊர் இழந்ததை ஒருவருடைய நோயாகச் சுருக்கிவிடும். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் துயருக்கு அறிகுறிப் பெயர் சூட்டுவது எளிது. அவருக்கு முதலில் வேண்டியது மகன் என்ன ஆனான் என்னும் விடை. அவ்விடை மருத்துவமனையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதும் தகவமைப்பின் ஒரு பகுதியே.

6. தமிழில்: கலைச்சொல்லும் வழக்குச்சொல்லும்

மேற்கண்ட மூன்று முயற்சிகளும் தமிழாய்வுக்கு ஒரு கேள்வியை முன்வைக்கின்றன. ஷோனா மொழிக்குக் குஃபுங்கிசிசா போல, தமிழில் துயருறுவோர் தாமே வழங்கும் சொற்கள் எவை?

தமிழில் மனநலக் கலைச்சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை இரு நாடுகளில் இரு போக்காக வளர்ந்துள்ளன. தமிழ்நாட்டில் பதற்றம் எனப்படுவது இலங்கைத் தமிழில் பதகளிப்பு. இங்கு மனநல ஆலோசனை எனப்படுவது அங்கு உளவளத்துணை. நெருக்கீடு, மனவடு ஆகிய சொற்கள் ஈழத்துப் பட்டறிவிலிருந்து வலுப்பெற்றவை. தமிழ்நாட்டு மருத்துவப் பேச்சில் அவை அரிதாகவே ஒலிக்கின்றன. தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் ‘மன அழுத்தம்’ என்னும் தொடரோ இருபொருள் பட நிற்கிறது. அலுவலகப் பளுவால் வரும் இறுக்கத்தையும், எழுந்திருக்கவும் மனமின்றிப் படுக்கையில் கிடக்கும் சோர்வையும் நாளிதழ்கள் அந்த ஒரே தொடரால் குறிக்கின்றன. ‘மன அழுத்தம் உண்டா?’ என்னும் வினாவுக்கு ‘ஆம்’ என்று வரும் விடை எதைக் குறிக்கிறது என்பதைக் கேட்பவரால் உறுதிசெய்ய இயலாது.

துயருறுவோரின் சொற்கள் வேறோரிடத்தில் இருக்கின்றன. ‘ஒரே யோசனையாக இருக்கிறது’ என்பது அவற்றுள் ஒன்று. ‘யோசிக்காதே’ என்றால் ‘கவலைப்படாதே’ என்று பொருள்கொள்வது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள வழக்கு. மிகுதியாக எண்ணுதலே துன்பம் என்னும் கருத்து இச்சொல்லில் ஷோனாவைப் போலவே பொதிந்துள்ளது. ‘மனசு பாரமாக இருக்கிறது’, ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘எதையோ பறிகொடுத்தது போல் இருக்கிறது’, ‘கை கால் ஓயவில்லை’ என வேறு பலவும் உண்டு. இவற்றுள் சில உடலைச் சுட்டுகின்றன. சில இழப்பைச் சுட்டுகின்றன. இவற்றைக் கல்வியறிவு குறைந்தோரின் தெளிவற்ற பேச்சு எனத் தள்ளிவிட்டுக் கலைச்சொல்லைக் கற்பிப்பதே விழிப்புணர்வு என்று கருதப்படுமானால், பாடம் கற்க வேண்டிய இடத்தில் நோயாளி நிறுத்தப்படுகிறார்.

இலக்கண மரபில் இதற்குத் தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்படுதல், உறவையோ பொருளையோ இழத்தல், முன்னிருந்த நல்ல நிலை கெடுதல், இல்லாமை என இவற்றுக்கு விளக்கம் தரலாம். இது செய்யுளின் சுவை பற்றிய கருத்து. மருத்துவக் கோட்பாடு அன்று. இதைக் காட்டி நவீன உளவியலைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது ஆய்வாகாது. ஆனால் நான்கில் எதுவும் தனிமனிதரின் உள்ளத்துக்குள்ளேயே தோன்றுவது அன்று என்பது கருதத்தக்கது. அழுபவரைப் பற்றிப் பேசும்போதே அழவைத்த உலகையும் சேர்த்துப் பேசும் ஒரு மரபு இம்மொழிக்கு உண்டு. இகழ்ச்சியும் வறுமையும் அதில் துயரின் பின்னணியாக ஒதுங்காமல் அதன் இலக்கணமாகவே நிற்கின்றன.

ஒப்பாரியும் இவ்வாறே. தமிழ்நாட்டு ஒப்பாரியைக் களத்தில் ஆராய்ந்து இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூல், அழும் பெண்கள் இறந்தவரைக் குறித்து மட்டுமன்றித் தம் சொந்த இழப்புகளைக் குறித்தும் அழுகின்றனர் என்பதைக் காட்டியது. பிறந்தவீடு கைவிட்டது, புகுந்தவீடு மதியாதது எனப் பிற நேரங்களில் கூற முடியாதவற்றை அப்பெண்கள் அங்குக் கூறுகின்றனர். அதனை அப்படியே எடுத்துச் சிகிச்சையாக்க வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. வினாநிரல் அமைப்போர் துயரின் தமிழைக் கற்க விரும்பினால் அகராதிக்கு அப்பாலும் செல்ல வேண்டும் என்பதே கருத்து.

7. பண்பாடு என்பதன் எல்லை

மக்களின் சொல்லை மதித்தல் வேறு. பண்பாட்டின் பெயரால் நடப்பன அனைத்தையும் ஏற்றல் வேறு. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை. குணம் நாடித் தர்காவுக்கு வந்தோரின் நம்பிக்கை, அவர்களை அடைத்துவைத்துக் காசு ஈட்டுவோருக்கு வாய்ப்பாயிற்று.

இதற்கு மறுதலையான சான்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. ஆர். ரகுராமும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றியது. அங்கு மருந்தோ தனிச்சடங்கோ இல்லை. உறவினர் உடனிருக்க, கோயிலின் அன்றாடப் பணிகளில் பங்கேற்று அவர்கள் வாழ்ந்தனர். அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சிறிய ஆய்வாதலால் இதிலிருந்து பெரிய முடிவுகளை எட்ட இயலாது. ஆயினும் இரண்டு இடங்களிலும் நம்பிக்கை பொதுவாக இருந்தது. மனிதரை நடத்திய விதமே வேறுபட்டது. ஆகவே ஒரு வழக்கம் பண்பாட்டுக்கு உரியதா என்று கேட்பது போதாது. அதில் துயருறுபவர் பேச முடிகிறதா, விரும்பினால் வெளியேற முடிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

8. முடிவுரை

மூன்று முயற்சிகளையும் ஒருசேர நோக்கும்போது பின்வருவன தெளிவாகின்றன. ஹராரேயில் மக்களின் சொல் சிகிச்சைக்குள் நுழைந்து அதன் நோக்கத்தை மாற்றியது. அச்சொல் சுட்டிய அரசியல் காரணத்தை மட்டும் சிகிச்சையால் தொட இயலவில்லை. ராவல்பிண்டியில் சிகிச்சை வீட்டுக்குள் நுழைய, துயருறுபவரின் பெயரே விலையாகத் தரப்பட்டது. வட இலங்கையில் மொழி தமிழாக இருந்தும், துயரை நாள்தோறும் விளைவித்த சூழல் சிகிச்சைக்கு வெளியே நின்றது. எனவே ஒரு தகவமைப்பை மதிப்பிடுவோர், கையேடு எவ்வளவு மாறியது என்பதோடு, துயருறுபவர் கூறும் காரணத்துக்கு அதில் இடம் கிடைத்ததா என்பதையும் அளக்க வேண்டும்.

தமிழ்ச் சூழலில் இப்பணி மருத்துவர்களால் மட்டும் முடிவதன்று. மாவட்டம், சாதி, தொழில், பால், வயது ஆகியவற்றால் வேறுபடும் துயர்ச்சொற்களைக் களத்தில் திரட்டுதல், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் மனநலச் சொற்களை ஒப்பிட்டு அடைவு அமைத்தல், வினாநிரல்கள் உருவாகும் தொடக்க நிலையிலேயே மொழியியலாளரும் நாட்டுப்புறவியலாளரும் பங்கேற்றல் ஆகியன தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள். வட்டார வழக்ககராதிகளைத் தொகுத்த அனுபவமும் வாய்மொழி வழக்காறுகளைப் பதிவுசெய்த பயிற்சியும் தமிழாய்வுலகில் ஏற்கெனவே உள்ளன. அவ்வுழைப்பு இதுவரை பெரும்பாலும் நூலகத்திற்குப் பயன்பட்டது. ‘ஒரே யோசனையாக இருக்கிறது’ என்று ஒரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லும்போது, ‘எதைப் பற்றி அம்மா?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருப்பதற்கும் அது பயன்பட வேண்டும்.